ஜான்சியூவின் அனாதைச் சிறுவன்

முதல் உலகப் போரில் பிரான்ஸ் நாடு ஏறத்தாழ 14 இலட்சம் படைவீரரை இழந்தது. போர் ஓய்ந்த சில ஆண்டுகளுக்குள், அந்நாட்டின் ஊர்தோறும் எனலாம், நினைவுச்சின்னங்கள் எழுந்தன. துப்பாக்கி ஏந்திய வீரன், சிறகு விரித்த வெற்றித் தேவதை, 'பிரான்சுக்காக உயிர்நீத்தோர்' என்னும் வாசகம், பெயர்ப்பட்டியல் என அவற்றுள் பல ஒரே சாயல் கொண்டவை. துயரத்தைப் பெருமையாக மாற்றித் தருவதே அவற்றின் பணியாக இருந்தது.

க்ரூஸ் மாவட்டத்தின் ஜான்சியூ என்னும் சிற்றூரில் 1922-ஆம் ஆண்டு எழுப்பப்பட்ட சின்னம் இவ்வழக்கினின்று விலகி நிற்கிறது. அங்கே வீரன் இல்லை. பள்ளிச் சீருடையும் மரக்காலணியும் அணிந்த அனாதைச் சிறுவன் ஒருவன் நிற்கிறான். ஒரு கையில் தொப்பி. மறு கையோ முஷ்டி இறுக்கி, 'போர் சபிக்கப்படுவதாக' என்று பொறிக்கப்பட்ட வாசகத்தை நோக்கி நீள்கிறது. இதற்கு முன்னின்று உழைத்த ஊர்த்தலைவர் ஜூல் கூத்தோ, போரில் நச்சு வாயுவுக்கு ஆளாகித் திரும்பியவர்.

இச்சிற்பத்தின் பொருள் அவ்விரு கைகளிலும் அடங்கியுள்ளதாக நாம் கருதுகிறோம். தொப்பியைக் கழற்றுதல் இறந்தோர்க்குச் செய்யும் மரியாதை. முஷ்டியை இறுக்குதல் அவர்களைக் கொன்றதன்மேல் எழும் சினம். இவ்விரண்டும் ஓர் உடலில் ஒன்றுசேர்ந்து நிற்கக்கூடும் என்பதைப் பலர் ஏற்கவில்லை. அரசு அதிகாரிகள் நெடுங்காலம் இதற்குத் திறப்பு விழா நடத்த முன்வரவில்லை. அருகிலுள்ள லா கூர்த்தீன் முகாமின் படைவீரர் இவ்வழியே செல்கையில் முகத்தைத் திருப்பிக்கொள்ளப் பணிக்கப்பட்டனர் என்றும் சொல்லப்படுகிறது. 1990-இல்தான் இது வரலாற்றுச் சின்னங்களின் பட்டியலில் இடம்பெற்றது.

எனினும், ஒரு வினாவை நாம் தவிர்க்க இயலாது. கணவனை இழந்த ஒரு பெண் இக்கல்லின்முன் நின்று, 'அவர் வீணாகவா இறந்தார்?' என்று கேட்டால், சின்னம் என்ன விடை தரும்? 'நாட்டுக்காக' என்னும் சொல் அவளுக்கு ஒரே ஆறுதலாக இருந்திருக்கலாம். அதனை எளிதாகப் பறித்துவிட நமக்கு உரிமை இல்லை. ஆயின், சிறுவனின் சாபம் தந்தையின்மேல் விழவில்லை, எதிரியின்மேலும் விழவில்லை, போரின்மேல் மட்டுமே விழுகிறது. இந்நுட்பமே இச்சிற்பத்தை வெறும் பிரசாரத்தினின்று காக்கிறது.

இன்று ஆண்டுதோறும் நவம்பர் 11-ஆம் நாள் போர் எதிர்ப்பாளர் இங்குக் கூடுகின்றனர். அன்று புறக்கணிக்கப்பட்ட சின்னம் இன்று ஒரு கொள்கையின் கொடியாகிவிட்டது. இது வரவேற்கத்தக்கதே. ஆனால் முழக்கங்களிடையே கல்லில் உள்ள பெயர்கள் படிக்கப்படாமல் போகுமாயின், அதுவும் ஒருவகை மறதியே. வீரவழிபாடு இறந்தோரைப் பயன்படுத்திக்கொள்வதுபோல, எதிர்ப்பும் பயன்படுத்திக்கொள்ளக்கூடும் அன்றோ!

1922-இல் பத்து வயதான சிறுவனுக்கு 1939-இல் இருபத்தேழு வயது. அவ்வாண்டு மீண்டும் போர் மூண்டது. அவ்வயதினரையே படை அழைத்தது. எச்சரிக்கை கல்லில் பொறிக்கப்பட்ட பதினேழே ஆண்டுகளில், அச்சிறுவனின் தலைமுறை தந்தையரின் இடத்தில் போய் நின்றது. நினைவுச்சின்னம் போரைத் தடுக்காது. யார் எஞ்சி நிற்பர் என்பதை மட்டும் அது முன்கூட்டியே காட்டும். ஜான்சியூவின் சிறுவன் அதனைக் காட்டியவாறே இன்றும் நிற்கிறான்.