கல்லைப் படித்ததோடு நிற்கலாமா? ‘ஆவணம்’ இதழை முன்வைத்து

ஆலங்காயத்தைச் சுற்றி, சவ்வாது மலையடிவாரத்தில், வேடியப்பன் என்று மக்கள் கும்பிடும் கற்களில் பல பழைய நடுகற்கள். அவற்றைத் தமிழிலேயே படித்துப் பதிப்பிக்க ஓர் ஆய்விதழ் இருப்பது சின்ன விஷயமல்ல.

பக்கத்து ஆம்பூரின் இரண்டு நடுகற்களை 1890களில் கல்வெட்டறிஞர் ஹுல்ட்ஸ் ‘எபிகிராபியா இண்டிகா’ என்ற கல்வெட்டு இதழின் 4ஆம் தொகுதியில் வெளியிட்டார். நிருபதுங்கவர்ம பல்லவனின் 26ஆம் ஆட்சியாண்டில், நுளம்ப மன்னனின் படை மாடு கவர வந்தபோது எதிர்த்து மாண்ட வீரர்களின் கற்கள் அவை. விளக்கமெல்லாம் ஆங்கிலத்தில். ஆம்பூர்க்காரருக்கு அது எட்டாத தூரம். மலைக்கு அந்தப் பக்கத்துக் கற்களைத் தொகுத்த ‘செங்கம் நடுகற்கள்’ 1972இல் அரசுத் தொல்லியல் துறை வழியாக வந்தது. அரசு படியெடுத்த கல்வெட்டுகளிலோ ஏராளமானவை பல பத்தாண்டுகள் அச்சேறவே இல்லை.

தஞ்சாவூரைத் தலைமையிடமாகக் கொண்ட தமிழகத் தொல்லியல் கழகம் 1991இல் தொடங்கிய ‘ஆவணம்’ இந்தத் தேக்கத்தை உடைத்தது. ஊர் ஊராக அலையும் கல்லூரி ஆசிரியரும் ஆர்வலரும் தாம் கண்டதைத் தம் பெயரிலேயே பதிவு செய்ய முடிந்தது. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் கிடைத்த தமிழ்பிராமி நடுகற்களும் இதில் பதிவாயின.

இதழின் உண்மையான பலம் கல்வெட்டுப் பாடம்தான். வரிக்கு வரி எண். சிதைந்த எழுத்தை ஊகித்துப் படித்தால் அடைப்புக்குறி. எது கல்லில் உள்ளது, எது படித்தவரின் ஊகம் என்று வாசகர் பிரித்துப் பார்க்கலாம், மறுத்தும் எழுதலாம். ‘ஆயிரம் ஆண்டுப் பழமையான கல்’ என்று நாளிதழில் வந்துபோகும் செய்தியில் இதற்கு வழியே இல்லை.

ஆனால் கல்லின் படமோ, தாள் ஒற்றி எடுக்கும் மைப்படியோ சேராமல் பாடம் மட்டும் அச்சாகும்போது இந்தப் பலம் பாதியாகிறது. கல் சாலை விரிவாக்கத்தில் போய்விட்டால் வாசிப்பை எதைக்கொண்டு சரிபார்ப்பது? முகவரியும் சிக்கல்தான். வட ஆர்க்காடு 1989இல் பிரிந்தது. அதில் ஒரு பகுதியான வேலூர் மாவட்டம் 2019இல் மூன்றானது. ஆலங்காயம் இப்போது திருப்பத்தூர் மாவட்டம். மாவட்டம், வட்டம், ஊர் என்று மட்டும் குறித்த பதிவை வைத்து நாளைய ஆய்வாளர் கல்லைத் தேடி அலைய வேண்டியிருக்கும். அட்சரேகை, தீர்க்கரேகை தருவதைக் கட்டாயமாக்க வேண்டும்.

இன்னொரு குறை இதழைவிடப் பெரியது. நம் வட்டார வரலாற்று ஆய்வு முழுக்கக் கல்லையும் செப்பேட்டையும் பார்த்தே வளர்ந்துவிட்டது. வாணியம்பாடி, ஆம்பூர் தோல் பதனிடும் ஷாப்புகளின் கணக்கேடுகள், உருதுக் கடிதங்கள், தொழிலாளர் சங்க நோட்டீசுகள் ஆகியவற்றைப் பதிப்பிக்க இதே ஒழுங்கோடு ஓர் இதழ் வேண்டாமா? பாலாற்றைத் தோல் கழிவு கெடுத்தது பற்றி 1996இல் உச்ச நீதிமன்றமே தீர்ப்பெழுதிவிட்டது. அந்த ஆற்றங்கரையின் நூறாண்டுத் தொழில் வாழ்க்கைக்கு மூல ஆவணத் தொகுப்பு வேண்டும். கல்லாவது கொஞ்ச காலம் காத்திருக்கும், கரையான் ஏறிய கணக்கேடு அதுகூடக் காத்திருக்காது. ‘ஆவணம்’ வளர்த்த பாடப் பதிப்பு முறையைக் கற்ற மாணவர்கள் அடுத்து அந்தக் காகிதங்களைத்தான் கையிலெடுக்க வேண்டும்.