நியாண்டர்தால் மாந்தர் எத்தனை பேர்?

குகைத் தோழர்கள் மூவரா, ஐவரா, எழுவரா என்று வழக்காடியோரைத் திருமறையின் அல்கஹ்ஃபு அத்தியாயம் சுட்டிக் காட்டுகிறது. எண்ணுவது குற்றமன்று, சான்றின் அளவைக் கடந்து எண்ணுவதே குற்றம் என்பது அதிலிருந்து நாம் பெறும் பாடம். இன்றைய அறிவியல் நூல்களையும் இவ்வளவுகோல் கொண்டு மதிப்பிடலாம்.

1856இல் ஜெர்மனியின் நியாண்டர் பள்ளத்தாக்கில் கிடைத்த எலும்புகளால் பெயர் பெற்ற பண்டை மாந்தரின் தொகை குறித்து, பால் மெல்லார்ஸ், ஜெனிஃபர் ஃப்ரெஞ்ச் இருவரும் 2011இல் 'சயன்ஸ்' இதழில் ஓர் ஆய்வுரை வெளியிட்டனர். தென்மேற்குப் பிரான்சில் அம்மாந்தர் மறைந்து நம்மினத்தார் குடியேறிய காலத்தில் மக்கள் தொகை பத்து மடங்கு பெருகிற்று என்பது அதன் முடிபு. வாழிடங்களின் எண்ணிக்கை, அவற்றின் பரப்பு, கற்கருவிகளும் உணவு எலும்புகளும் செறிந்து கிடக்கும் அளவு ஆகியவையே அதன் சான்றுகள்.

எதை எண்ணினோம் என்பதை ஆசிரியர்கள் மறைக்கவில்லை. அது பாராட்டுக்குரியது. ஆயினும் கருவிகள் மிகுந்தால் மனிதரும் மிகுந்தனர் என்று கொள்வது எவ்வாறு பொருந்தும்? ஒரே கல்லிலிருந்து பல அலகுகளைப் பெயர்த்தெடுக்கும் கைவினை அறிந்த சிலர், அஃதறியாத பலரினும் மிகுந்த கற்களை விட்டுச் செல்லக்கூடும். தமரா தோகன்ஜிச், ஷானன் மக்ஃபெரன் இருவரும் 2013இல் இவ்வாய்வின் அளவைகளை மறுத்தெழுதியதில் வியப்பில்லை.

மரபணு வழியும் இடரற்றதன்று. ஐவரின் தாய்வழி மரபணுவைக் கொண்டு, பெண்களின் 'பயனுறு தொகை' 3,500க்கும் குறைவு என 2009இல் கணித்தனர். இதனைத் தலை எண்ணிக்கையாகவே கொள்வது பிழை. பயனுறு தொகை என்பது மரபு வேறுபாட்டின் அளவிலிருந்து கணிக்கப்படுவது. உயிரோடிருந்தோர் தொகை அதனினும் பெரிதாயிருப்பதே பெரும்பான்மை. ஆலன் ராஜர்ஸ் குழுவினர் 2017இல், பல்லாயிரவர் இருந்தனர், ஆனால் சிறு சிறு கூட்டங்களாகப் பிரிந்து கிடந்தனர் என்று முடிவு கண்டனர்.

ஹதீஸ் கலை பயின்றோர்க்கு இவ்விடம் புதிதன்று. நூறு பேர் வாய்வழி வந்தாலும் மூலத்தில் அறிவிப்பாளர் ஒருவரேயெனில், அது ஒருவர் செய்தியே. சைபீரியாவின் தெனிசோவா குகையில் வாழ்ந்த ஒரு பெண்ணின் பெற்றோர் நெருங்கிய இரத்த உறவினர் என 2014இல் அறியப்பட்டது. அச்செய்தி அவள் கூட்டத்திற்குச் சான்றாகும். ஓரினம் முழுமைக்கும் ஆகாது.

இது வெறும் கணக்கு வழக்கன்று. சிறு தொகையினர், எனவே மந்த அறிவினர், எனவே அழியத் தகுந்தோர் என்று எண்ணிலிருந்து இழிவுக்குத் தாவும் எழுத்துகள் பல. கிரிஸ்ட் வேசன் குழுவினரின் 2019ஆம் ஆண்டு ஆய்வோ, தொகைச் சிறுமையும் நெருங்கிய உறவுக்குள் நிகழும் இனப்பெருக்கமும் பிறப்பு இறப்பின் தற்செயல் ஏற்றத்தாழ்வுமே அம்மறைவுக்குப் போதுமாயிருக்கலாம் என்கிறது. தொகையில் குறைந்தோர் தகுதியிலும் குறைந்தோர் என்னும் தீர்ப்புக்கு எலும்பிலும் சான்றில்லை, மரபணுவிலும் சான்றில்லை.

இவ்வெலும்புகளை மனிதகுல வரலாற்றில் எங்கு வைப்பது என்பது வேறு விசாரம். அதற்கு ஈண்டு இடமில்லை. நம் இல்லத்து இளைஞர்கள் இத்தகைய நூல்களைப் புறக்கணிக்கவும் வேண்டாம். கண்ட எண்ணையெல்லாம் நம்பவும் வேண்டாம். அறிவித்தவர் யார், அவர் எண்ணியது எதை என்று வினவட்டும். அல்லாஹ்வே யாவும் அறிந்தவன்.