தேறலும் தொட்டுக்கையும்

புறநானூறு 56இல் நக்கீரர் பாண்டியன் நன்மாறனைக் குடிக்கச் சொல்கிறார். யவனர் கொண்டுவந்த குளிர்ந்து மணக்கும் தேறல், பொற்கிண்ணத்தில். வெறும் கற்பனை இல்லை; அரிக்கமேட்டில் இத்தாலிய மதுச்சாடிகளின் உடைசல்கள் கிடைத்திருக்கின்றன. வெள்ளையா சிவப்பா என்று பாட்டில் இல்லை, தொட்டுக்கவும் ஒன்றுமில்லை. அழகான விளம்பரம், அவ்வளவுதான்.

மலைபடுகடாம் வேற. நன்னனின் செங்கம் எங்கள் கல்வராயன் மலைக்கு வடக்கே இருக்கிறது. கூத்தருக்கு வழி சொல்லும் பெருங்கௌசிகனார் மூங்கில் குழாயில் விளைந்த தேன்கள், நறவு என்று ஆரம்பித்து, விடிகாலையில் அந்த மயக்கம் (ஹேங்ஓவர்தான்!) தெளிய என்ன சாப்பாடு என்பதுவரை போகிறார்: கடமான் கறி, முள்ளம்பன்றிக் கறி, புளியும் மோரும் சேர்த்து வெந்த மூங்கிலரிசிச் சோறு.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்திலும் சுற்றுப்பக்கத்திலும் மெத்தனால் கலந்த பாக்கெட் சாராயம் குடித்து 60க்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். அதற்கப்புறம் சங்கக் கள்ளை 'தமிழர் கொண்டாட்டம்' என்று எழுதும் கட்டுரைகளை என்னால் வாசிக்க முடியவில்லை. அவை நக்கீரரின் கிண்ணத்தை மட்டும் பார்க்கின்றன. பெருங்கௌசிகனாரிடம் குடி தனியாக வருவதே இல்லை. காய்ச்சியவர் வீடு தெரியும், உலையில் சோறு இருக்கும், ஒவ்வொரு வீட்டிலும் போகவிடாமல் மறித்துச் சாப்பிட வைப்பார்கள்.