கல்லும் நீதியும்

ஒரு கட்டடத்தை மதிப்பிடப் புகுவோர் அதன் உயரத்தையும் அழகையும் மட்டும் அளந்து அமைவராயின், அம்மதிப்பீடு பாதியே ஆகும். அதனை வரைந்த கை யாருடையது, அதனைச் சூழ்ந்த வாயில்கள் யாவருக்குத் திறந்தன என்னும் இரு வினாக்களையும் உடன் கேட்டல் வேண்டும். இதற்கு, அமெரிக்காவின் வட கரோலினாவில், டர்ஹாம் நகரத்து டியூக் சர்வகலாசாலையின் தேவாலயத்தைச் சான்றாகக் காட்டுவோம்.

புகையிலை வாணிபத்தில் பெரும்பொருள் ஈட்டிய ஜேம்ஸ் டியூக் என்பார் 1924-ஆம் ஆண்டில் அளித்த கொடையால் ஓங்கியது அச்சர்வகலாசாலை. மெதடிஸ்டு சபையாரோடு தொடர்புடைய அவ்விடத்தில், பிராட்டஸ்டண்டுப் பிரிவினர் பலருக்கும் பொதுவாக 1930-இல் தொடங்கிய இவ்வாலயம் 1935-இல் பிரதிஷ்டை செய்யப்பெற்றது. இதன் கோபுரம் 210 அடி உயரமுடையது; இங்கிலாந்தின் காண்டர்பரிப் பேராலயக் கோபுரத்தை முன்மாதிரியாகக் கொண்டது. ஆதலின் இதனை வெறும் நகல் என இகழ்வாரும் உளர். நாம் அதனை ஒப்பவில்லை. மாதிரி அயலதாயினும், கல் அருகிலுள்ள ஹில்ஸ்பரோவில் வெட்டியது. பழுப்பும் நீலமும் சாம்பலும் விரவிய அக்கல்லே இவ்வாலயத்திற்குத் தனித்ததொரு முகத்தை அளிக்கின்றது.

இதனை வரைந்தவர் ஜூலியன் ஏபெல். 1902-இல் பென்சில்வேனியா சர்வகலாசாலையில் கட்டடக் கலை பயின்று தேறி, பிலடெல்பியாவில் டிரம்பாவர் நிறுவனத்தின் தலைமை வரைவாளராய் விளங்கியவர், கறுப்பினத்தவர். அவர் வரைந்த அச்சர்வகலாசாலையில் அவர் இனத்தார் மாணவராதல் அன்று இயலாது. 1950-இல் அவர் மறைந்து, 13 ஆண்டு சென்ற பின்னரே, 1963-இல், கறுப்பின இளங்கலை மாணவர் ஐவர் முதன்முதலாக அங்கே புகுந்தனர்.

கலையில் நிறம் தேடலாகாது என்பார் உளர். உண்மையே, ஆயின் முதலில் நிறம் தேடியது அவ்வித்தியாசாலையன்றோ? அத்தேட்டத்தைச் சுட்டுவோரைக் குறைகூறல் முறையாகாது.

இனி வாயிலைக் காண்போம். அங்கே விக்ளிப், லூதர், வெஸ்லி முதலியோரின் உருவங்கள் நிற்கின்றன. வெஸ்லி, அடிமை முறையைக் கண்டித்து 1774-இல் நூல் எழுதியவர். அதே வாயிலில், அடிமை முறையைக் காக்க எழுந்த தென்மாநிலங்களின் படைத்தலைவராகிய ராபர்ட் லீயின் உருவமும் வைக்கப்பட்டிருந்தது! எதிர்த்து நின்றோரையும் எதிர்க்கப்பட வேண்டியதற்காகப் போரிட்டவரையும் ஒரே வரிசையில் நிறுத்தியது, எம் கருத்தில், இக்கட்டடத்தின் பெருங்குற்றம். அக்குற்றம் கலையினது அன்று. அவ்வுருவத்திற்கு அங்கே இடம் அளித்தோரது.

2017 ஆகஸ்டில் அவ்வுருவம் சிதைக்கப்பட்டது. சில நாளில் சர்வகலாசாலையாரே அதனை அகற்றினர். அம்மாடத்தை வெறுமையாகவே விடுவதென 2018-இல் முடிவு செய்தனர். வேறொரு பெரியோரின் உருவத்தை அங்கே வைத்திருக்கலாமே எனச் சிலர் கேட்கக்கூடும். வைத்திருப்பின், வருவோர் அதனை வணங்கிக் கடந்து செல்வர். முன்பு நின்றவர் யார் என வினவார். வெற்றிடமோ வினாவை எழுப்புகின்றது. ஆதலின் அம்முடிவை நாம் வரவேற்கின்றோம்.

தேவாலயத்தின் முன்னுள்ள முற்றத்திற்கு 2016-இல் ஏபெலின் பெயர் சூட்டப்பெற்றது. காலங்கடந்த நீதி, எனினும் நீதியே. கோபுரத்தை அண்ணாந்து நோக்கும் கண்கள் முற்றத்தின் பெயரையும் வெற்று மாடத்தையும் ஒருங்கே நோக்குமாயின், அவ்வாலயத்தை முழுமையாகக் கண்டனவாம்.