பிரதிஷ்டையும் பார்வையும்

நான் வேலை பார்க்கும் அம்பத்தூர் வங்கிக் கிளையில் ஜூன் மாதம் பிறந்தால் நகைக் கடனுக்குக் கூட்டம் சேரும். பள்ளிக் கட்டணம் கட்ட வேண்டிய, தொழிற்பேட்டைத் தொழிலாளர் வீட்டு நகைகள். மதிப்பீட்டாளர் கல்லில் உரசி, அமிலம் விட்டு, எடை போட்டு, பதித்த கற்களுக்கும் அரக்குக்கும் கழித்துக்கொண்டு ஒரு தொகை சொல்வார். வேலைப்பாடு எத்தனை நுணுக்கமானாலும் அதற்கு அந்தக் கணக்கில் இடமில்லை. இதில் நான் குறை காணவில்லை. வங்கி கேட்கும் கேள்வி வேறு. அது வேறு என்பதை நாம் மறக்கும்போதுதான் குழப்பம்.

ஒரு பொருளைக் கலைப்படைப்பு ஆக்குவது எது என்பதற்கு நம்மிடையே ஒரு சுலபமான பதில் புழங்குகிறது: அது வைக்கப்பட்ட இடம். 1964-இல் ஆண்டி வார்ஹால், கடைக்கு வரும் பிரில்லோ அட்டைப்பெட்டிகளைப் போலவே ஒட்டுப்பலகையில் செய்து நியூயார்க் காலரி ஒன்றில் அடுக்கினார். அதே வருஷம் ஆர்தர் டான்ட்டோ, இரண்டு பெட்டிகளுக்கும் உள்ள வித்யாசம் கண்ணுக்குத் தெரிவதல்ல, கலைக் கொள்கையும் கலைச் சரித்திர அறிவும் சூழ்ந்திருப்பதால்தான் இது கலையாகிறது என்று எழுதினார். பின்னால் வந்த ஜார்ஜ் டிக்கி அதைக் கலை ஸ்தாபனம் வழங்கும் அந்தஸ்தாக விளக்கினார். நம் நண்பர்கள் இருவரையும் ஒன்றாக்கி, ‘சிறுபத்திரிகை கவிதை என்று போட்டால் அது கவிதைதான்’ என்கிற மட்டத்துக்குக் கொண்டுவந்துவிட்டார்கள்.

இதைச் சோதிக்க நியூயார்க் போகவேண்டாம். தஞ்சை மாவட்டத்துச் சிவபுரம் போதும். 1951-இல் அங்கே மண்ணிலிருந்து சோழர் கால நடராஜர் ஒன்று கிடைத்தது. 1950களின் நடுவில் செப்பனிடுவதற்காக அது கோயிலைவிட்டு வெளியே போயிற்று. திரும்பி வந்தது நகல். அந்த நகலுக்குத்தான் பூஜை நடந்தது. சோழ வெண்கலங்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்ப்பதையே வேலையாகக் கொண்டிருந்த பிரிட்டிஷ் மியூசியத்தின் டக்ளஸ் பாரெட், கோயிலில் இருப்பது அசலல்ல என்று 1965-இல் வெளியான தம் நூலில் குறிப்பிட்டார். அசலை 1973-இல் நார்ட்டன் சைமன் ஒன்பது லட்சம் டாலருக்கு வாங்கினார். வழக்கு, சமரசம் எல்லாம் முடிந்து 1986-இல் அது இந்தியா திரும்பியது.

இடம்தான் எல்லாம் என்றால், சிவபுரம் கோயிலில் நின்ற நகல் கலையாக உயர்ந்திருக்க வேண்டும். மண்ணுக்குள் கிடந்த அசல் கலையல்லாது போயிருக்க வேண்டும். இரண்டையும் நம்மால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. ஏன்?

மெழுகு வார்ப்பில் செய்த உருவத்துக்கு இரட்டை கிடையாது. மெழுகில் வடித்து, மண் பூசி, சுட்டு, மெழுகு உருகி ஓடிய வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றி, ஆறியபின் அச்சை உடைத்து எடுக்கிறார்கள். நகல் செய்பவன் புதிதாக மெழுகு வடிக்கவேண்டும். முதல் ஸ்தபதி, தூக்கிய கால் எவ்வளவு தூக்கவேண்டும், இடை எங்கே திரும்பவேண்டும் என்று தேடிக் கண்ட இடத்தில், இரண்டாமவன் அளவெடுக்கிறான். உலோகம் ஒன்றாக இருக்கலாம். எங்கள் மதிப்பீட்டாளரின் கல் இரண்டையும் ஒன்றென்றே சொல்லலாம். ஆனால் பிரில்லோ பெட்டிகளைப் போல இவை கண்ணுக்கு ஒன்றல்ல. பார்த்தால் தெரியக்கூடிய வித்யாசம் இது.

நகலைத் தொழுத பக்தன் ஏமாந்தானா? பக்தியில் அவன் ஏமாறவில்லை என்றே நினைக்கிறேன். பிரதிஷ்டையால் ஒரு உரு மூர்த்தியாகிறது. அவன் கேட்டது மூர்த்தியை. சந்தை விலையைக் கொடுக்கலாம், மியூசியம் வெளிச்சத்தைக் கொடுக்கலாம். இவற்றில் எதுவும் ஒரு உருவைச் சிற்பமாக்குவதில்லை. சிற்பம் என்பது பார்வைக்குப் பதில் சொல்வது. திரும்பத் திரும்பப் பார்க்கும்போதும் பதில் தீராதது. டான்ட்டோ சொன்ன சரித்திர அறிவை நான் மறுக்கவில்லை. எங்கே பார்க்கவேண்டும் என்று அது சொல்லும். நமக்குப் பதிலாக அது பார்க்காது.

இதை எழுதத் தூண்டிய காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். சில வருஷங்களுக்குமுன் ஒரு சிறுபத்திரிகையில் வந்த கவிதையைப் பாராட்டி இரண்டு பக்கம் எழுதினேன். மௌனம், இடைவெளி என்றெல்லாம் எழுதியதாக ஞாபகம். சென்ற மாதம் பழைய பை ஒன்றில், பணம் கட்டும் சலான் ஒன்றின் பின்புறம் என் கையெழுத்தில் நாலு வாக்யங்கள் அகப்பட்டன. அலுவலகக் குறிப்பு என்று நினைத்துக் கிழிக்கப்போனேன். அந்தக் கவிதைதான். இடம் போதாமல், வரி பிரிக்காமல் ரயிலில் எழுதிக்கொண்டது.

நல்ல கவிதையையும் இப்படி அடையாளம் தெரியாமல் கிழிக்க வாய்ப்புண்டு என்று சொல்லலாம். உண்மை. அதனால் அன்றிரவு அதைத் திரும்ப வரி பிரித்து எழுதி வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரு மணி நேரம். ஒரு சொல்கூட என்னை நிறுத்தவில்லை. நான் பாராட்டியது அந்தப் பத்திரிகையின் பெயரை, அதன் தாளை, அதில் எழுதுபவர்களோடு எனக்கிருந்த சிநேகத்தை.

க.நா.சு. ரசனை என்றார், செல்லப்பா அலசல் என்றார். அதற்காகச் சண்டையும் போட்டார்கள். இருவரும் படைப்பின்முன் உட்காரச் சொன்னார்கள் என்பதை அந்தச் சண்டையில் நாம் மறந்தோம். நாம் பிரதிஷ்டை செய்வதில் தேர்ந்துவிட்டோம். பக்தனுக்கு அது போதும். விமர்சகனுக்குப் போதாது.

அந்த இரண்டு பக்கங்களை நான் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.