'சிரிச்சா போச்சு': நான் தோத்த ஆட்டம்

விஜய் டிவியின் 'அது இது எது'வில் எனக்குப் பிடிச்சது 'சிரிச்சா போச்சு' சுற்று. முன்னால என்ன கூத்து நடந்தாலும் போட்டியாளர் சிரிக்கக் கூடாது; சிரிச்சா அவுட். 2020-இல் மறைந்த வடிவேல் பாலாஜி சேலை கட்டி வந்தால் முதல் நிமிஷமே நான் அவுட்.

பழைய எபிசோடுகளை ராமநாதபுரம் வீட்டில் மறுபடி பார்த்தேன். அவர் நடை, முழி, சரியான நேரத்தில் விழும் பதில்: சிரிப்பு அங்கேதான் இருக்கு. பெண்ணோட உடம்பையும் நிறத்தையும் கிண்டலடிக்கிற வசனங்களை வெட்டினாலும் அது குறையாது.

ஆனா அந்த வசனங்களுக்கும் நான் சிரிச்சிருக்கேன். அதை அவர் திறமை கணக்கில் எழுத முடியாது. பக்கத்தில் இருந்த மகள் சிரிக்கலை. "பொம்பளை வேஷத்துக்கும் ஆம்பளைதானாப்பா?"ன்னு மட்டும் கேட்டாள். பதில் வரலை. நிகழ்ச்சியை இன்னும் பார்க்கிறேன். எதுக்குச் சிரிக்கிறேன்னும் கவனிக்கிறேன்.