கடுக்காய்க் கறுப்பும் ஒரு வெள்ளை இழையும்

கார்பன் பேப்பருக்கு இனி என் வீட்டில் வேலையே இல்லை! மயில், மாங்காய், கொடி என்று எதையாவது அச்செடுத்து அதன்மேல் ஊசியை ஓட்டிய காலமெல்லாம் போயே போச்சு. இப்போதெல்லாம் துணிக்கு நானே சாயம் தீட்டுகிறேன், அந்தச் சாயம் எங்கே ஓடி எங்கே நிற்கிறதோ அதுதான் எனக்குப் படம், அதன்மேல்தான் தையல். இந்தப் பித்து பிடித்ததிலிருந்து பீரோவில் வெள்ளையாக ஒரு துணி மிச்சமில்லை, அதில் எனக்குத் துளி வருத்தமும் இல்லை.

சரக்கெல்லாம் சாதாரணம்தான். சலவை செய்யாத காடாத் துணி, கடுக்காய்ப் பொடி, கொஞ்சம் எருமைப் பால், துருப்பிடித்த ஆணி, வெல்லம். கலம்காரிக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்துவருகிற வழி இது. ஆணியையும் வெல்லத்தையும் தண்ணீரில் போட்டு மண்பானையில் மூடி வைத்தால் இரண்டு மூன்று வாரத்தில் நுரைத்துப் புளித்து ஒரு இரும்புச் சாறு கிடைக்கும். "என்னம்மா இது, மாடிப்படி வரைக்கும் புளிச்ச வாடை அடிக்குது?" என்று அத்தை கேட்டார். எனக்கோ அந்த வாடை மூக்கில் ஏறினாலே கை பரபரக்கும்! துணியைக் கஞ்சி போகக் கொதிக்கவைத்து அலசி, கடுக்காயும் பாலும் கலந்த நீரில் முக்கிப் பிழிந்து வெயிலில் போட்டால், இளமஞ்சளாக, மொறுமொறுவென்று, லேசாகப் பால் மணத்தோடு காய்ந்து வரும்.

இப்போது நீங்களும் என்னோடு மொட்டை மாடிக்கு வாருங்கள். மூங்கில் குச்சியின் நுனியில் துணி சுற்றி நூலால் கட்டியிருக்கிறேன், அதை இரும்புச் சாற்றில் தோய்த்து மஞ்சள் துணியில் ஒரே ஒரு கோடு இழுக்கிறேன், பாருங்கள், முதலில் அங்கே வெறும் ஈரம்தான், ஒன்றுமே இல்லை, பிறகு சாம்பல் எழும்புகிறது, சாம்பல் கருக்கிறது, நாம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே காற்றுப் பட்டுப் பட்டு அது கறுப்பாகிறது, அப்படி ஒரு கறுப்பு, கடைச் சாயப் பொட்டலத்தில் இந்தக் கறுப்பை நான் கண்டதேயில்லை! கடுக்காயின் துவர்ப்பும் இரும்பும் சந்தித்தால் கறுப்பு பிறக்கும். கடுக்காயோடு அன்னபேதி என்ற இரும்பு உப்பைச் சேர்த்து அந்தக் காலத்தில் எழுதும் மை காய்ச்சினார்களே, அதே சங்கதிதான். காரணம் தெரிந்தும் ஒவ்வொரு முறையும் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறேன். வெயில் உச்சியில் ஏறியதும் தெரியாது, அடுப்பில் வைத்த பருப்பும் நினைவில் இருக்காது.

பால் எதற்கு என்கிறீர்களா? பாலிலுள்ள கொழுப்பு சாறு பரவாமல் தடுக்கும், கோடு கோடாகவே நிற்கும். அப்படியானால் பால் இல்லாமல் முக்கினால்? அங்கேதான் என் பரிசோதனை தொடங்கியது, அங்கேதான் நான் கிறங்கிப்போனேன். சாறு கட்டவிழ்ந்து ஓடியது, நடுவில் அடர்கறுப்பு, அதைச் சுற்றிச் சாம்பல், விளிம்பில் புகை போல ஒரு மங்கல். அதையே பார்த்துக்கொண்டிருந்தேன், மெல்ல மெல்ல அது மலையானது, மலைக்குக் கீழே மேகம் வந்தது. உடனே ரிங்கில் மாட்டினேன், ஆறிழை நூலில் ஓர் இழையை மட்டும் பிரித்தேன், அடர்கறுப்பு முடிகிற ஓரத்தில் வெள்ளையாய்க் காம்புத் தையல், மங்கலுக்குள் இடம் விட்டு விட்டு ஓட்டுத் தையல், அது இன்னும் மங்கும் இடத்தில் தையலையும் தூரத் தூரமாய்த் தளர்த்தி, கறுப்பின் நடுவே நாலைந்து பிரெஞ்ச் நாட் மட்டும் சிவப்பில். அந்தச் சிவப்பு முடிச்சு இறுகி உட்கார்ந்த நொடியில் "ஐயோ!" என்று நிஜமாகவே கத்திவிட்டேன். பென்சிலால் நான் எத்தனை வரைந்தாலும் இந்த மலை எனக்கு வந்திருக்காது. துணி கொடுத்தது, நான் ஊசியோடு பின்னாலேயே போனேன், அவ்வளவுதான். நீலகிரியில் தோடர் பெண்கள் படமே வரையாமல் துணியின் இழைகளை எண்ணி எண்ணியே சிவப்பிலும் கறுப்பிலும் தைக்கிறார்கள், 2013இல் புவிசார் குறியீடு பெற்ற கலை அது. அவர்களுக்கு இழை வழிகாட்டுகிறது, எனக்குச் சாயம் வழிகாட்டுகிறது என்று நினைத்தாலே உடம்பு சிலிர்க்கிறது.

இன்னொன்றும் சொல்லியே ஆகவேண்டும். தையலை முதலில் போட்டுச் சாயத்தைப் பிறகு ஏற்றிப் பாருங்கள். ஒரு பூவைப் பருத்தி நூலிலும் பக்கத்துப் பூவைப் பாலியஸ்டர் நூலிலும் வெள்ளையாகவே தைத்து, அப்படியே கடுக்காயில் முக்கிக் காயவைத்து இரும்புச் சாறு பூசினால், பருத்திப் பூ துணியோடு சேர்ந்து கறுத்துவிடும், பாலியஸ்டர் பூ சாயத்தைத் தொடவிடாமல் பளீரென்று நிற்கும்! கறுத்த பூவை விரலால் தடவினால்தான் அது அங்கே இருப்பதே தெரியும், எனக்கு அதுதான் இன்னும் பிடித்திருக்கிறது.

இரும்பு நாளாவட்டத்தில் துணியை நைந்துபோகச் செய்யும் என்பார்கள். சாற்றை அளவாகப் பூசி, காய்ந்தபின் ஓடுகிற தண்ணீரில் நன்றாக அலசுங்கள், மீதியைப் பற்றி நான் கவலைப்படுவதாக இல்லை.

அடுத்தது அவுரி! தொட்டியிலிருந்து பச்சையாக வெளியே வந்து காற்றில் நீலமாகுமே, அந்த மாயத்துக்காகத் துணி முழுக்க நெருக்கமாக ஓட்டுத் தையல் போட்டு, நூலைச் சுண்டி இழுத்து, கொசுவம் கொசுவமாய் இறுக்கி முடிந்து வைத்திருக்கிறேன். நீலம் ஏறியதும் நூலைப் பிரித்தால் தையல் இருந்த இடமெல்லாம் வெள்ளைத் தடமாக நிற்குமாம். அந்தத் தடத்தின்மேல் மறுபடியும் தைக்க மஞ்சள் நூல்கூட வாங்கியாயிற்று.